முந்நூற்றுப் பதினேழாம் எண் வீடு

3-7-2017, திங்கட்கிழமை
காலை 9.40 மணி

அன்புத் தங்கை சிட்டுவுக்கு அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நலம். என் இடது முழங்கால் மட்டும் எங்கள் இருவரோடும் ஒத்துப்போக மறுக்கிறது. உன் கண் எப்படி இருக்கிறது? ஊசியில் நூல் கோக்க முடிகிறதா?

அறுபத்து மூன்று வயதில் பள்ளி இறுதித் தேர்வுக்குப் பணம் கட்டியிருக்கிறாய் என்பதை உன் கடிதத்தில் படித்து அண்ணியிடம் உரக்க வாசித்துக் காட்டினேன். "தையல் கடையையும் பாத்துக்கிட்டு படிப்பும் படிக்கிறாளா? நீங்க ஒரு பேப்பரைப் படிக்க ரெண்டு மணி நேரம் எடுக்கிறீங்க" என்றாள்.

அந்தச் செய்தித்தாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எங்கள் தெருமுனைப் படிப்பகத்தை வரும் 30-9-2017 அன்று மூடி, வண்டி நிறுத்தும் இடம் ஆக்கப் போகிறார்களாம். சென்ற 27-6-2017 செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு நகரசபை அதிகாரி ஒருவர் பேருந்து நிறுத்தத்தில் நின்று நாற்பது பேரைக் கேட்டாராம். ஆறு பேர் மட்டும் படிப்பகம் போவதாகச் சொன்னார்களாம். அதை வைத்து, இந்தப் பகுதியின் எண்ணூற்று நாற்பது வீடுகளில் நூற்றுக்குப் பதினைந்துதான் அதைப் பயன்படுத்துகின்றன என்று முடிவு கட்டிவிட்டார். பாதி வீடுகளாவது பயன்படுத்துவதாக ஆதாரத்தோடு 25-9-2017 அன்று காட்டினால் மூடமாட்டார்களாம்.

பேருந்துப் பணிமனையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் நேரக்காப்பாளராக இருந்தவன் நான். ஒரு வண்டியின் நேரத்தைக்கூடப் பார்க்காமல் எழுதியதில்லை. 9-3-1981 திங்கட்கிழமை அந்தப் படிப்பகம் திறந்த நாள் முதல், தினமும் காலை ஏழரைக்குப் போய் ஒன்பதரைக்குத் திரும்புகிறேன். இரண்டு நீள மேசை, பதினொரு நாற்காலி, முனகும் மின்விசிறி ஒன்று. முந்தைய நாள் தாளின் குறுக்கெழுத்தில் எனக்கு வராத கட்டங்களை மாலையில் யாரோ பென்சிலால் நிரப்பி வைக்கிறார்கள். யாரென்று தெரியாது. மகா கெட்டிக்காரர். அவருக்கும் நாற்காலி இல்லாமல் போகும்.

எனவே எண்ணூற்று நாற்பது வீடுகளுக்கும் நானே போய்க் கேட்பதென்று தீர்மானித்திருக்கிறேன். நாளொன்றுக்கு நான்கு வீடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்

* * *

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அண்ணாவுக்கு, சிட்டு. நலம். கண்ணுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, ஊசிக்காது இப்போது வாசற்கதவு போலத் தெரிகிறது. அண்ணியையும் முழங்காலையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

நாளுக்கு நான்கு வீடு என்றால் இருநூற்றுப் பத்து நாள். அடுத்த ஆண்டு பிறந்து ஒரு மாதம் ஆகிவிடும். அதற்குள் உங்கள் நாற்காலிமேல் ஒரு ஸ்கூட்டர் நிற்கும்.

எனக்கு இப்போது அதே பாடம்தான் நடக்கிறது, அண்ணா. கொஞ்சம் பேரைக் கேட்டு மொத்தப் பேரின் விகிதத்தை மதிப்பிடுவது. இரண்டு முறை படித்தும் தலையில் ஏறவில்லை. உங்கள் கடிதத்தைக் கணக்கு டீச்சரிடம் காட்டினேன். என் கடைசி மகளைவிட இரண்டு வயது சின்னவள். "நாற்பது பேர் குறைச்சல்னு சண்டை போட வேண்டாம்மா. எங்கே நின்னு, எப்போ கேட்டார்னு கேளுங்க" என்றாள். பட்டென்று புரிந்துவிட்டது. பகல் பதினொரு மணிக்குப் பேருந்துக்குக் காத்திருப்பவன் எப்படிப் படிப்பகத்தில் இருப்பான்?

என் கடைக்குப் பொத்தான் மூட்டை வரும். பத்தாயிரம் பொத்தானையும் நான் பார்ப்பதில்லை. கையை அடிவரை விட்டு, கலக்கி, ஒரு பிடி எடுப்பேன். அதில் எத்தனை உடைசல் என்று பார்த்தால் மூட்டையின் சங்கதி தெரிந்துவிடும். மேலாக இருப்பதை மட்டும் எடுத்தால் கடைக்காரன் ஏமாற்றிவிடுவான். மேலே நல்லதைத்தானே வைப்பான்! அந்த அதிகாரியும் மேலாகக் கை விட்டவர்தான்.

எல்லா வீட்டு எண்களையும் சீட்டில் எழுதிக் குலுக்கி அறுபது எடுங்கள். அந்த அறுபதை மட்டும் கேளுங்கள். கணக்கை நான் போட்டுத் தருகிறேன். அதுவே என் வகுப்புச் செய்முறை வேலைக்கும் ஆகிவிடும்.

சிட்டு

* * *

15-7-2017, சனிக்கிழமை
காலை 10.05 மணி

அன்புத் தங்கைக்கு, இங்கு நலம். உன் கடிதத்தில் வெறும் "செவ்வாய்க்கிழமை" என்று இருக்கிறது. ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு செவ்வாய்க்கிழமைகள் வருகின்றன. அஞ்சல் முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து 11-7-2017 என்று அறிந்தேன். கடிதம் எழுதுகிறவர் தேதியைப் போட வேண்டும்; படிக்கிறவர் முத்திரையைத் தேடக் கூடாது.

அறுபது பேரைக் கேட்டு எண்ணூற்று நாற்பது வீட்டைப் பற்றிப் பேசுவது எனக்கு இன்னும் உவப்பாக இல்லை. ஆயினும் பொத்தான் மூட்டை நியாயமாகப் படுகிறது. எண்ணூற்று நாற்பது சீட்டுகளையும் அளவுகோல் வைத்து ஒரே அளவாக வெட்டினேன். அண்ணி வந்து பார்த்து, "சீட்டு கொஞ்சம் கோணலா இருந்தா வீடு ஓடிப்போயிடுமா? என் கத்தரிக்கோலை மொட்டை பண்ணிட்டீங்க" என்றாள். பெரிய சீட்டு கையில் எளிதாக அகப்படும், அது அநியாயம் என்று விளக்கினேன். "நீங்க கல்யாணத்துக்குப் பொண்ணு பார்த்ததும் இப்படித்தானா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நேற்று 14-7-2017 மாலை நான்கு மணிக்கு, படிப்பகப் பொறுப்பாளர் அம்மாள் முன்னிலையில், வாளியில் போட்டுக் குலுக்கி அறுபது சீட்டுகள் எடுத்தேன். நாற்பத்தொன்றாவது சீட்டைப் பார்த்ததும் அதை வாளியிலேயே திரும்பப் போடப் போனேன். அந்த அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டார். "அய்யா, வந்தது வந்ததுதான்" என்றார். எண் 317. வேறு விசேஷமில்லை.

நாளை முதல் வேலை ஆரம்பம்.

உன் அண்ணன்

* * *

5-8-2017, சனிக்கிழமை
காலை 9.50 மணி

அன்புத் தங்கைக்கு, அனைவரும் நலம். முழங்காலுக்கு ஒரு புது உறை வாங்கியிருக்கிறேன். உன் மகள்கள், மருமகன்கள் சுகமா?

ஒழுங்காக வேலை நடக்கிறது. சரியாகக் காலை பத்து மணிக்குத் தொடங்குகிறேன். கேள்வி ஒன்றுதான்: "கடந்த ஒரு மாதத்தில் இவ்வீட்டிலிருந்து யாரேனும் படிப்பகத்திற்குச் சென்றதுண்டா?" எல்லா வீட்டிலும் ஓர் எழுத்து மாறாமல் கேட்கிறேன். ஒரு வீட்டில் அந்த அம்மாள், "என்ன சார் ரேஷன் கார்டுக்காரர் மாதிரி கேக்குறீங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க" என்றார். தண்ணீர் குடித்தேன். கேள்வியை மறுபடி முதலிலிருந்து கேட்டேன்.

இருபத்து மூன்று வீடுகள் பூட்டியிருந்தன. நேரம் வீணாகாமல் அவற்றுக்கு அடுத்த வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டேன். ஆக வேலை கிட்டத்தட்ட முடிந்தது.

உன் அண்ணன்

* * *

வெள்ளி, ஆகஸ்ட் (பதினொன்று என்று நினைக்கிறேன்)

அன்புள்ள அண்ணாவுக்கு, நலம், நலமறிய ஆவல். தேதி போட்டிருக்கிறேன், பார்த்தீர்களா!

ஆனால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்களும் அந்த அதிகாரி செய்ததையே செய்துவிட்டீர்கள். காலை பத்து மணிக்குப் பூட்டியிருக்கும் வீடு எது? எல்லாரும் வேலைக்குப் போகிற வீடு. அவர்கள் படிப்பகத்துக்கு மாலையில் போகலாம், போகாமலும் இருக்கலாம். அவர்களை விட்டுவிட்டு, பத்து மணிக்கு வீட்டில் இருக்கும் அடுத்த வீட்டுக்காரரைக் கேட்டால், மூட்டையில் மறுபடியும் மேலாகக் கை விட்டதாகத்தான் ஆகும். டீச்சர் இதைக் கேட்டுவிட்டு, "உங்க அண்ணன் பங்சுவாலிட்டிதான் இங்கே பிரச்சினை" என்று சிரித்தாள்.

அடுத்த வீட்டுப் பதில்களை எல்லாம் அடித்துவிடுங்கள். அதே இருபத்து மூன்று வீடுகளுக்கு மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் போங்கள். கதவு திறக்கும்வரை போங்கள். முழங்காலுக்கு என் சார்பில் மன்னிப்புச் சொல்லவும்.

சிட்டு

* * *

2-9-2017, சனிக்கிழமை
காலை 9.50 மணி

அன்புத் தங்கைக்கு, நலம். உன் கடிதம் 14-8-2017 கிடைத்தது. முதலில் கோபம் வந்தது. மறுநாள் நீ சொன்னது சரியென்று பட்டது. முப்பத்திரண்டு ஆண்டுகளில் எந்த ஓட்டுநரும் என் நேரம் தவறாக இருக்கிறது என்று சொன்னதில்லை.

நீ சொன்னபடி இருபத்து மூன்று பதில்களையும் சிவப்பு மையால் அடித்துவிட்டு மாலையில் போனேன். மாலையில் இந்தத் தெருக்கள் வேறு ஊர்போல இருக்கின்றன. ஒரு தச்சர், ஒரு செவிலி, மூன்று ஆசிரியைகள், தறி ஓட்டும் ஒரு குடும்பம். பாதிப் பேர் படிப்பகத்தில் மாலை இருக்கை கிடைப்பதில்லை என்று என்னிடமே சண்டைக்கு வந்தார்கள். காலையில் நான் ஆறு நாற்காலி காலியாக இருப்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஐம்பத்தொன்பது வீடுகள் முடிந்தன. முப்பத்தேழு வீடுகள் ஆம். ஒன்று மட்டும் நிற்கிறது. குறிப்பேட்டில் உள்ளபடி எழுதுகிறேன்:

எண் 317. 19-8-2017 மாலை 5.30: பூட்டு. (உள்ளே வானொலி.)
26-8-2017 மாலை 5.00: பூட்டு. (கொடியில் ஈரத்துணி.)
1-9-2017 மாலை 5.10: பூட்டு. (தாளிக்கும் வாசனை.)

ஆகவே அந்த வீட்டை நீக்கிவிட்டு ஐம்பத்தொன்பதுக்குக் கணக்குப் போட்டு அனுப்பு.

உன் அண்ணன்

* * *

புதன், செப்டம்பர் 6

அன்புள்ள அண்ணாவுக்கு, நலம். வரும் பதினெட்டாம் தேதி எனக்குக் கணக்குத் தேர்வு. சூத்திரங்கள் மறந்துபோவது தவிர வேறு குறையில்லை.

கணக்குப் போட்டேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மீதி புரியும். ஐம்பத்தொன்பதில் முப்பத்தேழு என்றால் நூற்றுக்கு அறுபத்து மூன்று. அதுதான் உண்மை என்று சத்தியம் செய்ய முடியாது. வேறு சீட்டுகள் வந்திருந்தால் வேறு எண் வந்திருக்கும். அதனால் நான் ரவிக்கைக்குக் கூடுதல் துணி விடுவதுபோல இரண்டு பக்கமும் விட வேண்டும். அப்படி விட்டுக் கிடைக்கும் அகலத்துக்கு நம்பிக்கை இடைவெளி என்று பெயர். இதேபோல நூறு முறை குலுக்கி நூறு இடைவெளி போட்டால், ஏறத்தாழ தொண்ணூற்றைந்து இடைவெளிகளுக்குள் உண்மையான விகிதம் அடங்கிவிடும். நம்முடையது அந்தத் தொண்ணூற்றைந்தில் ஒன்றா, தவறிப்போன ஐந்தில் ஒன்றா என்று யாருக்கும் தெரியாது. நம் முறையை நம்பலாம், அவ்வளவுதான்.

இடைவெளியின் கீழ்முனையே பாதிக்கு மேல் இருந்தால்தான் நகரசபையிடம் தைரியமாகப் பேசலாம். இப்போது பாருங்கள்.

317-ஐ விட்டுவிட்டால் கீழ்முனை 50.4. தப்பித்தோம்.
317 "இல்லை" என்றால் 49.4. போயிற்று.
317 "ஆம்" என்றால் 51.1.

விட்டுவிட்டால் ஜெயிக்கிறோம் என்று எனக்கும் தெரிகிறது. ஆனால் சீட்டில் வந்த வீட்டை நமக்குப் பிடிக்கவில்லை என்று விட்டால் அந்தக் குலுக்கலுக்கு என்ன மரியாதை? அளவுகோல் வைத்துச் சீட்டு வெட்டியது நீங்கள்தானே, அண்ணா.

இன்னொன்று. வானொலி பாடுகிற, துணி காய்கிற, தாளிக்கிற வீடு பூட்டியிருக்காது. மூன்று குறிப்பை வைத்து நானும் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். 317 மருந்துக்கடைக்காரர் வீடுதானே? நீங்கள் இருவரும் சேர்ந்து செயலாளர்களாக இருந்து கட்டிய படிப்பகம். வெள்ளிவிழாக் கல்வெட்டில் திறப்பு நாள் ஒன்பது என்று நீங்களும் எட்டு என்று அவரும் சண்டை போட்டு, கடைசியில் தேதியே இல்லாத கல்வெட்டு வைத்தீர்களே. "இனி அந்தப் படி ஏறமாட்டேன்" என்று அவர் கத்தினதை அண்ணி எழுதியிருந்தாள். படி ஏறாதவர் "இல்லை" என்றுதான் சொல்வார், எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போய்க் கேளுங்கள். கதவைத் தட்டிக் கேளுங்கள்.

சிட்டு

* * *

தேதி போடவில்லை. உன் அண்ணனிடம் தேதி கேட்டால் யாருக்குக் கடிதம் என்பார்.

அன்புள்ள சிட்டுவுக்கு, அண்ணி எழுதுவது. நலம். உன் கடிதம் வந்த நாளிலிருந்து அவர் உனக்குப் பதில் எழுதவில்லை என்று நீ கவலைப்படுவாய். உடம்புக்கு ஒன்றுமில்லை. தினமும் மாலை ஐந்து மணிக்குச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். ஐந்தேகாலுக்குத் திரும்பி வருகிறார். "எங்கே போனீங்க?" என்றால், "காற்று வாங்க" என்கிறார். இஸ்திரிச் சட்டையில் யாரும் காற்று வாங்கி நான் பார்த்ததில்லை. நேற்று, "இன்னைக்குக் கதவு வரைக்கும் போனீங்களா, கேட் வரைக்குமா?" என்று கேட்டேன். "கேட்" என்றார். முன்னேற்றம்தான். நீ நன்றாகப் பரீட்சை எழுது.

அண்ணி

* * *

18-9-2017, திங்கட்கிழமை
காலை 7.10 மணி

அன்புத் தங்கைக்கு, இன்று நீ தேர்வு எழுதும் நாள். நீ மேசையில் உட்காரும் நேரத்தில் இதை அஞ்சலில் போட வேண்டும் என்று சீக்கிரம் எழுதுகிறேன்.

நேற்று 17-9-2017 ஞாயிற்றுக்கிழமை மாலை 5.12 மணிக்கு 317-ஆம் எண் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவரே திறந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தார்.

"பதினோரு வருஷம் ஆறு மாசம் லேட்டு," என்றார். "நீயெல்லாம் ஒரு டைம் கீப்பரு!"

நான் தாளை எடுத்து, "கடந்த ஒரு மாதத்தில் இவ்வீட்டிலிருந்து யாரேனும் படிப்பகத்திற்குச் சென்றதுண்டா?" என்று வாசித்தேன். ஓர் எழுத்தை விழுங்கிவிட்டதாக அவர் பின்னர் சொன்னார். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

"தினமும் போறேன். சாயங்காலம் அஞ்சரைக்கு. இப்பவும் கிளம்பிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"பொய் சொல்லாதே. ஒரு நாள்கூட உன்னை அங்கே நான் பார்த்ததில்லை."

"நீ ஒரு நாளாவது சாயங்காலம் வந்தியாடா?"

சிட்டு, பதினோரு ஆண்டுகள் தினமும் காலை இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு, அவர் வருவதே இல்லை என்று முடிவு கட்டியிருந்தேன். மேலாக விட்ட கை.

அவர் விடவில்லை. "நேத்து குறுக்கெழுத்துல பதினாலு மேலிருந்து கீழ் ஏன் காலியா விட்டே? சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே அது?"

"அது நீயா?"

"பின்னே?"

"நான்தான் என்று உனக்குத் தெரியுமா?"

"முதல் வாரமே தெரியும். ஊர்ல வேற எவன் குறுக்கெழுத்து ஓரத்துல தேதி, கிழமை, மணியெல்லாம் எழுதுவான்?"

உள்ளே அழைத்துப் போனார். வானொலி பாடிக்கொண்டிருந்தது. குறிப்பேட்டில் "317: ஆம்" என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்து, "சரியா எழுதினியா?" என்று கேட்டார். அந்தப் பழைய தேதி விஷயத்தை இருவரும் எடுக்கவில்லை.

நன்றாக எழுது.

உன் அண்ணன்

* * *

22-9-2017, வெள்ளிக்கிழமை
மாலை 6.15 மணி

அன்புள்ள அண்ணாவுக்கு, தேதி, கிழமை, மணி மூன்றும் போட்டிருக்கிறேன். இனி என்னைக் குறை சொல்ல முடியாது.

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். தைக்க வந்த பெண், "என்னக்கா, அழுறீங்களா சிரிக்கிறீங்களா?" என்று கேட்டாள். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டே இரண்டையும் செய்தேன்.

கணக்கு முழுவதும் தனித்தாளில் இத்துடன் இருக்கிறது. அறுபதில் முப்பத்தெட்டு. இடைவெளி 51.1 முதல் 75.5 வரை. சீட்டுக் குலுக்கிய விதம், மாலையில் போனது, அடித்த இருபத்து மூன்று பதில்கள் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். டீச்சர் என் செய்முறை வேலைக்கு இருபதுக்கு இருபது போட்டாள். ஓரத்தில், "317-ஐ விட்டிருந்தால் பத்துதான்" என்று எழுதியிருக்கிறாள்.

தேர்விலும் அந்தப் பாடமே வந்தது! ஒரு தொழிற்சாலையில் பழுதான விளக்குகளின் விகிதம். விளக்கு என்று போட்டிருந்த இடத்திலெல்லாம் நான் வீடு என்று நினைத்துக்கொண்டே போட்டேன். பாஸ் என்று மனசு சொல்கிறது. எத்தனை சதவீத நம்பிக்கை என்று கேட்காதீர்கள்.

திங்கட்கிழமை நகரசபையில் நடந்ததை உடனே எழுதுங்கள்.

சிட்டு

* * *

அன்புத் தங்கைக்கு, எல்லாரும் நலம். முழங்காலும் நலம்.

படிப்பகம் நிலைத்துவிட்டது. அந்த அதிகாரி உன் தாளை இரண்டு முறை படித்தார். "இந்த இருபத்து மூன்று பதிலை ஏன் அடிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். நான் செய்த தவறைச் சொன்னேன். அவர் தாளை மறுபடி முதல் வரியிலிருந்து பார்த்தார். பிறகு, "நானும் பதினோரு மணிக்குத்தான் போனேன்" என்றார். நல்ல மனிதர். மாலையில் கூடுதலாக ஆறு நாற்காலி போடவும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

திரும்பும் வழியில் மருந்துக்கடைக்காரர் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய், அலமாரியிலிருந்து படிப்பகத்தின் முதல் வருகைப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். முதல் பக்கம், முதல் வரி, என் கையெழுத்து: 8-3-1981, ஞாயிறு, காலை 10.00.

எட்டாம் தேதிதான், சிட்டு.

"இதை இத்தனை வருஷம் வச்சுக்கிட்டு ஏன்டா காட்டலை?" என்று கத்தினேன்.

"காட்டியிருந்தா நீ வெக்கப்பட்டு வேற தெருவுக்கே குடி போயிருப்பே. காலையில எனக்குப் பாதிக் குறுக்கெழுத்தை யாரு போட்டு வைப்பா?"

கல்வெட்டில் தேதி பொறிக்க ஆள் சொல்லியிருக்கிறோம். உன் தேர்வு முடிவு வந்ததும் நீ இங்கே வர வேண்டும், அண்ணியின் கட்டளை. வாசலில் மருந்துக்கடைக்காரர் நின்று, "அஞ்சரை ஆச்சுடா, அங்கே போய் மீதியை எழுதிக்கோ" என்று கூப்பிடுகிறார். நாற்காலி போய்விடுமாம். கிளம்புகிறேன்.

உன் அண்ணன்

மேலே தேதி போட மறந்துவிட்டேன். முத்திரையைப் பார்த்துக்கொள்.